வழுக்கிப் போன மீன்

வெம்பக்கோட்டை அணை. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. கரையில் பதித்த கற்களில் இரவுக் குளிர் இன்னும் இறங்கவில்லை. கருவேல மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். தோளில் லாரி டியூபைச் சுமந்து வருகிறவர் என்னைக் கவனிக்கவில்லை.

நாற்பது வயதிருக்கும். கைலியை மடித்துக் கட்டுகிறார். டியூபைத் தண்ணீரில் போட்டு, குறுக்கே நைலான் கயிற்றால் கட்டியிருக்கும் பலகையில் ஏறி உட்காருகிறார். கால்கள் தண்ணீருக்குள் தொங்குகின்றன. துடுப்பு கிடையாது, கைக்கொன்றாக இரண்டு அலுமினியத் தட்டுகள். மாற்றி மாற்றித் தள்ளுகிறார். டியூப் லேசாகச் சுழன்று, பிறகு நேர்ப்பட்டு நகர்கிறது.

பார்க்கும்போது கயாக் நினைவுக்கு வருகிறது. பனிநாட்டு இன்யூட் மக்கள் மரச்சட்டத்தின் மேல் சீல் தோலைப் போர்த்தி ஒற்றையாள் படகு செய்தார்கள். அதுதான் கயாக். இன்றைக்குக் கடலோரக் காயல்களில் அதில் உட்கார்ந்து பொழுதுபோக்காக மீன் பிடிக்கிறார்கள். பிறந்தபோது அது வயிற்றுப்பாட்டுக்கான படகு. அவர்களுக்குக் கையருகே கிடைத்தது சீல் தோல். பட்டாசும் தீப்பெட்டியும் ஏற்றிப் போகும் லாரிகளின் ஊரான சிவகாசிப் பக்கம் கிடைப்பது பழைய டியூப்.

நேற்று மாலை கட்டிய நரம்பு வலையின் முனையைப் பிடித்துவிட்டார். தட்டுகளைப் பலகையில் செருகிவிட்டு, வலையைக் கையால் பற்றிப் பற்றியே முன்னேறுகிறார். முதல் மீன் ஜிலேபி. முதுகு முள்ளை விரித்துக்கொண்டு துடிக்கிறது. அவசரப்படவில்லை. தலையிலிருந்து வால்பக்கமாக உள்ளங்கையை வழித்து முள்ளைப் படுக்க வைக்கிறார். செவுளில் இறுகியிருக்கும் கண்ணியைச் சுண்டுவிரல் நகத்தால் மெல்ல நெம்பி, தலை வழியாக உருவுகிறார். மீன் பைக்குள் போகிறது. வலையில் ஒரு கண்ணிகூட அறவில்லை.

இந்த அணை தேக்கும் வைப்பாற்றின் வடகரையில்தான், விஜயகரிசல்குளத்தில், 2022-ல் அகழாய்வு தொடங்கினார்கள். மண்ணுக்குள்ளிருந்து சங்கு வளையல்கள் வந்தன. ஆறு போய்ச் சேரும் மன்னார் வளைகுடா எங்கோ கிழக்கே, சிப்பிகுளம் பக்கம் இருக்கிறது. கடற்சங்கை உடையாமல் அறுத்து வளையலாக்கிய கைகள் ஒரு காலத்தில் இந்தக் கரையில் இருந்திருக்கின்றன. கடலுக்குப் போகவேண்டிய தண்ணீரை இன்று அணை நிறுத்தி வைத்திருக்கிறது. சிவகாசி அதைக் குடிக்கிறது. இவர் அதில் மிதக்கிறார்.

ஒன்பது மணிக்குக் கரை சேர்ந்தார். மீன்பாசி குத்தகை எடுத்தவரின் ஆள் தராசோடு காத்திருக்கிறார். பிடித்த மீனை எடை போட்டுக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.

"என்ன தம்பி, எவ்வளவு தேறும்?"

"எட்டு கிலோ தேறும்ணே."

"நாளைக்கு ஆலை உண்டா?"

"உண்டுண்ணே."

பையைக் கவிழ்க்க நீளும் கைகளை இப்போதுதான் பக்கத்தில் பார்க்கிறேன். நகக்கண்களில் வெள்ளி. மீன் செதில் என்று நினைத்தேன். இல்லை. எத்தனை முறை கழுவினாலும் போகாத அலுமினியப் பவுடர். பேன்சி ரக வெடிகளுக்குப் போடுவது. அந்த விரல்களுக்கு நிதானம் எங்கிருந்து வந்தது என்பது புரிந்தது. வெடிமருந்தை உரசக் கூடாது, தட்டக் கூடாது, கீழே போடக் கூடாது. வாரத்தில் ஆறு நாளும் அந்தக் கைகள் அப்படித்தான் வேலை செய்கின்றன. 2021 பிப்ரவரி 12-ம் தேதி அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் வெடித்தபோது இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த ஊர் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. கை வழுக்குவது என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தராசில் போடும்போது ஒரு கெண்டை அவர் கையிலிருந்து வழுக்கியது. கல்லில் விழுந்து, ஒரு துள்ளு துள்ளி, தண்ணீருக்குள் போய்விட்டது.

தராசுக்காரர் "அடடா" என்றார். இவர் வாய்விட்டுச் சிரித்தார். தண்ணீரில் வட்டம் விரிந்து அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"போகட்டும்ணே. மீனுதானே."

கை தவறினாலும் சிரிக்க முடிகிற இடம் அவருக்கு இந்தத் தண்ணீர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. கண்மாயும் அணையும் விவசாயத்துக்கு, குடிநீருக்கு என்று கணக்கெழுதுகிறோம். இப்படி ஒரு மனிதனுக்கு அவை தருகிற அரை நாளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கூலியோடு கிடைத்த இரண்டு ஜிலேபியை ஓலையில் கோத்துக்கொண்டார். டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு கரையேறிப் போனார்.

நாளை திங்கட்கிழமை. விடிந்ததும் ஆலை வேன் வரும்.