தாழப் பறக்கும் ஆசை

விமானம் ஓட்டுகிறேன் என்றதும் எல்லாரும் கேட்பது, "அவ்வளவு உயரத்துல பயமா இருக்காதா?" என்றுதான். உயரம் என்னைப் பயமுறுத்தியதே இல்லை. 5,000 அடியில் எஞ்சின் நின்றால் செஸ்னா 152 மாதிரி சின்ன விமானம் பொத்தென்று விழாது, சறுக்கிக்கொண்டே இறங்கும். வெற்று வயலாகப் பார்த்து வைக்கவும், ரேடியோவில் தகவல் சொல்லவும் சில நிமிடங்கள் உண்டு. 500 அடியில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது.

இது தெரிந்தும் பயிற்சிக் காலத்தில் தாழப் பறக்கத்தான் மனசு ஏங்கியது. மேலே இருந்தால் வேகமே தெரியாது. கீழே வந்தால்தான் தென்னைகள் பின்னால் ஓடும். தனியாகப் பறக்க ஆரம்பித்திருந்தேன். மாமா போனில், "மாப்ளே, நம்ம தோட்டத்து மேல தாழ ஒரு ரவுண்டு அடிச்சுட்டுப் போ. மொட்டை மாடியில நின்னு கை காட்டுறோம்" என்றார். எனக்கும் உள்ளூர ஆசைதான். மேப்பில் அந்த இடத்தைப் பென்சிலால் சுழித்து வைத்தேன்.

இன்ஸ்ட்ரக்டர் கண்ணில் அது பட்டுவிட்டது. திட்டவில்லை. 6,000 அடிக்கு ஏறச் சொன்னார். "5,500 அடியை தரைன்னு வெச்சுக்க. அங்க உன் மாமா நிக்கிறார். அவரைப் பார்த்துக்கிட்டே திரும்பு" என்றார். திரும்பினேன். மூக்கு இன்னும் வேகமாகத் திரும்பட்டும் என்று ரட்டர் மிதியை அழுத்தச் சொன்னார், கட்டுப்பாட்டுப் பிடியை இழுக்கச் சொன்னார். ஒரு பக்க இறக்கை சட்டென்று கீழே சரிந்தது. கண்ணாடி முழுக்க மண். ஒரு சுற்றுச் சுழன்று மீண்டபோது ஆல்டிமீட்டர் 5,000 காட்டியது. "தரைக்கு 500 அடி கீழ இருக்கோம்ப்பா" என்றார். அவ்வளவுதான் பாடம்.

சாய்ந்து திரும்பும் விமானம் தன் எடையைவிட அதிகமாகச் சுமக்கிறது. மட்டம் குறையாமல் 60 பாகை சாய்ந்தால் சுமை இரு மடங்கு. இறக்கை தாங்கும் சக்தியை இழக்கிற ஸ்டால் வேகம் 41 சதவீதம் கூடிவிடும். தரை அருகில் இருந்தால் கண் வேறு ஏமாற்றும். பின்காற்றில் மரங்கள் விரைந்து ஓடுவதைப் பார்த்து, வேகம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடுவோம். இறக்கைக்குத் தரை தெரியாது, காற்று மட்டும்தான் தெரியும். அலாஸ்காவில் மூஸ் மானைப் பார்த்தபடியே தாழ வட்டமடித்து விழுகிறவர்கள் உண்டு. அந்த விபத்துக்கு 'மூஸ் ஸ்டால்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அனுபவம் குறைந்த பையன்களின் கதை என்று ஒதுக்கவும் முடியாது. 1980 ஜூன் 23 அன்று டெல்லியில் பிட்ஸ் எஸ்-2ஏ விமானத்தில் தாழ்வாகச் சாகசம் செய்தபோதுதான் சஞ்சய் காந்தி இறந்தார். உடன் சென்ற கேப்டன் சுபாஷ் சக்சேனா தேர்ந்த விமானி. அவரும் பிழைக்கவில்லை.

ஊருக்கு மேல் குறைந்தது 1,000 அடி, வெட்டவெளியில் 500 அடி என்று விதி இருக்கிறது. அதெல்லாம் ஓட்டுகிறவனுக்கு. உங்கள் வீட்டுப் பிள்ளை பயிற்சிக்குப் போயிருந்தால், மொட்டை மாடியில் தாராளமாக நின்று கை காட்டுங்கள். தாழ வா என்று மட்டும் சொல்லாதீர்கள். அவனுக்கு அந்த ஆசை ஏற்கெனவே இருக்கும்.