சிவசைலத்துச் சாரலும் மதினியின் பச்சைத் தட்டும்

திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிற ரயிலில் ஜன்னலோரமாக ஓர் இடம் கிடைத்துவிட்டால், அதைவிட வேறு சுகம் வேண்டியதில்லை. சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஸ்டேஷன்கள் வரிசையாக வரும். பக்கத்தில் வயலும் வாழைத்தோட்டமும் கூடவே ஓடிவரும். மேற்கே பொதிகை மலை நீலமாக நிற்கும். முன்பு மீட்டர் கேஜில் ஆடி ஆடிப் போன பாதை இது. 2012ல் அகலப் பாதையாகிவிட்டது. கல்லிடைக்குறிச்சி வந்தால் அப்பளம் ஞாபகம் வரும், நெல்லை ஜங்ஷனில் ஏறும்போதே அல்வா ஞாபகம் வந்திருக்கும். வாய்க்கு ருசியான சீமை!

அப்படிப்பட்ட சீமையில், அடுப்பே வேண்டாம் என்று சொல்கிற உணவு முறைக்கும் ஓர் ஊர் பெயர் பெற்றிருக்கிறது என்றால் ஆச்சரியமாக இல்லையா? அதுதான் சிவசைலம். ஆழ்வார்குறிச்சியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் போக வேண்டும். ஆழ்வார்குறிச்சியில் என் அண்ணன் வீடு இருக்கிறது. ஆடி மாதத்துச் சாரலில் ஒரு வாரம் போய்த் தங்கிவிட்டு வந்தேன். ஊரைப் பார்த்தது பாதி, சர்க்கரை வியாதியோடு என் மதினி குடும்பம் நடத்துகிற அழகைப் பார்த்தது பாதி. இரண்டையும் சொல்கிறேன், கேளுங்கள்.

மலையடிவாரத்து ஊர்

சிவசைலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது. கடனா நதிக் கரையில் சிவசைலநாதர் கோயில். சுவாமி மேற்கே பார்த்து மலையை நோக்கியிருக்கிறார். லிங்கத்தின் பின்புறம் சடைமுடி போலக் கோடுகள் இருப்பதால் சடையப்பர் என்றும் சொல்வார்கள். அம்பாள் பரமகல்யாணி. கீழாம்பூரில் ஒரு கிணற்றிலிருந்து கிடைத்த அம்மன் என்பது ஊர் வழக்கு. ஆகவே அம்மனுக்குப் பிறந்த வீடு ஆம்பூர், புகுந்த வீடு சிவசைலம்! நந்தியைப் பார்க்க மறக்காதீர்கள். எழுந்திருக்கப் போகிற மாடு போல உயிரோட்டமாகச் செதுக்கியிருக்கிறார்கள். மேலே கடனாநதி அணை, அதற்கும் மேலே அத்ரி மலை. கொஞ்ச தூரத்தில் கடையம், பாரதியாரின் மனைவி செல்லம்மாவின் ஊர்.

இந்த ஊரில்தான் மூ. இராமகிருஷ்ணன் நல்வாழ்வு ஆசிரமம் என்று அமைத்து, தேங்காய், பழம், முளைகட்டின தானியம் என்று சமைக்காத உணவைப் பரப்பினார். அதன் காற்று சுற்றுவட்டாரமெல்லாம் வீசியிருக்கிறது. "இட்லிக்குப் பதில் ரெண்டு பழமும் தேங்காயும்" என்று இருக்கிறவர்களை இந்தப் பக்கத்தில் யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

சமைக்காத உணவு ஆசை பெரியவர்களையும் விடவில்லை. காந்திஜி 1929ல் சில வாரங்கள் பச்சை உணவை மட்டும் சாப்பிட்டுப் பார்த்தார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் கைவிட்டார். ஓய்வு பெற்ற வாத்தியாரான என் அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லியே மதினியைச் சீண்டுவார்.

மதினியின் தட்டு

மதினிக்கு வயது 54. சர்க்கரை வந்து எட்டு வருஷம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எடை 74 கிலோ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 168. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 8.4. இப்போது எடை 66 கிலோ, வெறும் வயிற்றில் 112, மூன்று மாதச் சராசரி 6.8. பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சராசரி 7க்குக் கீழே இருந்தால் நல்லது என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் இலக்கு.

"எப்படி மதினி?" என்றேன்.

"மந்திரமா மாயமா? வயித்துல பாதி பச்சை, பாதி சமைச்சது. அவ்வளவுதான்" என்றார்.

காலையில் ஒரு கைப்பிடி முளைகட்டின பச்சைப் பயறு, துருவின காரட், நறுக்கின வெள்ளரிக்காய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு, மேலே இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவல். கூட ஒரு கொய்யா. மத்தியானம் முதலில் ஒரு பெரிய தட்டு நிறையப் பச்சைக் காய்: வெண்பூசணித் துருவல், முள்ளங்கி, பிஞ்சு வெண்டை, கோவைக்காய், வாழைத்தண்டு, சின்ன வெங்காயம் என்று எது கிடைக்கிறதோ அது. அதை மென்று முடித்த பிறகுதான் ஒரு கப் கைக்குத்தல் அரிசிச் சோறு, சாம்பார், கீரை, மோர். ராத்திரி கொஞ்சம் பச்சைக் காயும், இரண்டு கம்பு தோசையும், ஒரு கிண்ணம் பருப்பும்.

காய் எல்லாம் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து வருகிறது. வந்ததும் ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவி, உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, மறுபடி நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து வைக்கிறார். பயறு முளை கட்டின துணியைத் தினமும் கொதிநீரில் போட்டு எடுக்கிறார். முளைப் பயறில் துர்நாற்றமோ வழவழப்போ தெரிந்தால் தூர எறிந்துவிடுகிறார். பச்சையாகச் சாப்பிடுகிறவர்களுக்குச் சுத்தம்தான் அடுப்பு!

இதில் சர்க்கரை எப்படிக் குறைகிறது? காயில் நார்ச்சத்து நிறைய, மாவுச்சத்து குறைவு. வயிறு நிறைகிறது, ஆனால் சர்க்கரை கிடுகிடுவென ஏறுவதில்லை. முதலில் காயைத் தின்று பிறகு சோற்றைத் தின்றால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது என்பது ஆராய்ச்சியிலும் தெரிந்த விஷயம். மென்று தின்ன நேரம் ஆவதால் சோறும் தானாகக் குறைந்துவிடுகிறது. எடை இறங்க இறங்க, உடம்பிலுள்ள இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. சென்னையில் நீரிழிவு மருத்துவத்துக்கு முன்னோடியான டாக்டர் எம். விஸ்வநாதன் 1948ல் ஸ்டான்லி மருத்துவமனையில் அதற்கென்றே தனிப் பிரிவு தொடங்கினவர். நார்ச்சத்து மிகுந்த நம் ஊர்ச் சாப்பாட்டை நோயாளிகளுக்கு வலியுறுத்தினவரும் அவரே. ஆக, நன்மை செய்வது நாரும் அளவும்தான். அடுப்பைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

பஸ்ஸில் வந்த மயக்கம்

ஆனால் மதினி தொடங்கினது இப்படி அரை அரையாக அல்ல. யாரோ சொன்னார்கள் என்று, முதல் மூன்று வாரம் முழுக்க முழுக்கப் பச்சை. சோறு, இட்லி எதுவும் கிடையாது. மாத்திரையை மட்டும் பழையபடியே போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை சிவசைலம் கோயிலுக்குப் போய்விட்டு பஸ்ஸில் வரும்போது குப்பென்று வியர்த்தது. கை நடுங்கியது. நெஞ்சு படபடத்தது. பக்கத்திலிருந்த மருமகளைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்று கேட்டாராம்! அந்தப் பெண் சமர்த்து. கோயில் பிரசாதத்துக்கு வாங்கியிருந்த சர்க்கரையை உடனே வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்திருக்கிறாள். கால் மணி நேரத்தில் தெளிவு வந்தது. வீட்டுக்கு வந்து கருவியில் பார்த்தபோது கூட 74தான் இருந்தது.

"மாத்திரை சோத்துக்குன்னு கொடுத்தது. நான் சோத்த நிறுத்திட்டு மாத்திரைய மட்டும் போட்டேன். அது எதைப் போய் இறக்கும்? என்னையே இறக்கிட்டு" என்று இப்போது சிரிக்கிறார். அன்று சிரிப்பாக இருந்திருக்காது.

மறுநாளே அம்பாசமுத்திரத்தில் டாக்டரிடம் போனார்கள். அவர் திட்டவில்லை. ஒரு வாரத்துக்கு நாலு வேளையும் சர்க்கரை பார்த்து எழுதி வரச் சொன்னார். கணையத்தைத் தூண்டிச் சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையைப் பாதியாக்கி, இரண்டு மாதம் கழித்து நிறுத்தினார். மெட்ஃபார்மின் மட்டும் இன்னும் இருக்கிறது. சோற்றையும் அளவாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் அவர்தான்.

சகோதரிகளே, இதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைப் பெரிதாக மாற்றுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர்களுக்குச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் ஆபத்து. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் ஏதாவது ஆகாரம் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

பச்சை என்பதாலேயே நல்லதல்ல

மதினியின் சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அண்ணனின் முத்து முத்தான கையெழுத்து. அதிலிருந்து சில:

பழச்சாறு கூடாது, பழமாகத் தின்ன வேண்டும். சாறு பிழிந்தால் நார் சக்கையோடு போய்விடும், சர்க்கரை மட்டும் டம்ளரில் நிற்கும். பேரீச்சம்பழம், தேன், பலா, நிறைய வாழைப்பழம் எல்லாம் அடுப்பேறாதவைதான், ஆனால் சர்க்கரையை ஏற்றும். தேங்காய் சர்க்கரையை அதிகம் ஏற்றாது, ஆனால் கொழுப்பும் கலோரியும் அதிகம். துருவல் அளவோடு போதும்.

மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகத் தொடவே கூடாது, அதில் சயனைடு விஷம் உண்டு. ராஜ்மா போன்ற பயறுகளை நன்றாக வேக வைத்தே சாப்பிட வேண்டும். சுரைக்காய்ச் சாறு கசந்தால் ஒரு வாய்கூட விழுங்காமல் கொட்டிவிட வேண்டும். கசப்புச் சுரைக்காயால் உயிரே போயிருக்கிறது. பாகற்காய்ச் சாற்றை மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம்.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இளநீர், வாழைப்பழம், பச்சைக் காய் இவற்றிலுள்ள பொட்டாசியமே தொந்தரவு. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே. முளைப்பயறைக்கூட அவர்கள் வேக வைத்துச் சாப்பிடுவதுதான் பத்திரம். பால், மோர்கூட இல்லாமல் பச்சை உணவிலேயே வருஷக்கணக்கில் இருந்தால் வைட்டமின் பி12 குறையும். மெட்ஃபார்மினும் அதைக் குறைக்கும்.

அடுத்த வீட்டுச் சிறுமி

நான் தங்கியிருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுத்த வீட்டில் 11 வயதுச் சிறுமி. ஏழு வயதிலிருந்து தினமும் நாலு வேளை இன்சுலின் ஊசி. ஒருநாள் அவள் பாட்டி மதினியிடம் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, உனக்கு ஒரு மாத்திரை நின்னுட்டுல்லா? இவளுக்கும் ஊசிய நிறுத்திட்டு ஒன் பச்சைச் சாப்பாட்டையே கொடுப்போமான்னு பாக்கேன். நாளைக்கு நாலு தடவ பிள்ளையக் குத்துதத என்னால பாக்க முடியல."

மதினி பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தை, எனக்கு உடம்புல இன்சுலின் இருக்கு, சரியா வேலை செய்யல. அதனால சாப்பாட்டக் கொறைச்சா அதுக்குச் சௌகரியமா இருக்கு. நம்ம பிள்ளைக்கு இன்சுலினே ஊறல. காய் தின்னா இன்சுலின் வருமா? ஊசிய நிறுத்தினா நாலு நாள் தாங்க மாட்டா, அத்தை. காய் வேணும்னா கொடுங்க. ஊசில மட்டும் கை வைக்காதீங்க."

பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதினி சொன்னதில் ஓர் எழுத்துக்கூட மிகையில்லை. இன்சுலின் வருவதற்கு முன்னால், இந்தக் குழந்தைகளுக்கு வைத்தியம் என்று இருந்தது கடும் பத்தியமும் பட்டினியும்தான். அதனால் நாளைத் தள்ளிப்போட முடிந்ததே தவிர, பிழைக்க வைக்க முடியவில்லை. 1922 ஜனவரியில் கனடாவின் டொரொன்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்குப் பிறகே இக்குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகத் தொடங்கினார்கள். இன்சுலின் போடுகிற குழந்தைக்கு வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு, அசதி என்று வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மறுநாள் மத்தியானம் அந்தச் சிறுமி ஊசி போட்டுக்கொண்டு எங்களோடு வந்து உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றாள். பாட்டியும் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசி வரை வந்து, அங்கிருந்து நெல்லை போகும் ரயிலில் ஆழ்வார்குறிச்சிக்கு வரலாம். நெல்லை வழியாகவும் வரலாம். ஆனி, ஆடியில் போனால் சாரலும் குற்றால அருவியும் சேர்ந்து கிடைக்கும். பங்குனியில் சிவசைலம் கோயில் திருவிழா.

வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால், மாத்திரை அல்லது இன்சுலின், சர்க்கரை பார்க்கும் கருவி, ஒரு பொட்டலம் குளுக்கோஸ், பிஸ்கட் இவற்றை முந்தானையில் முடிந்த மாதிரி கூடவே வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் நடக்கவும், சாப்பாட்டு நேரம் தள்ளிப் போகவும் வாய்ப்பு உண்டு. இன்சுலினை வெயில் படாமல் வையுங்கள்.

ஊர் திரும்பியதும் மதினியின் வழியைத் தொடங்க விரும்புகிறவர்கள் ஒரு வேளையிலிருந்து தொடங்கலாம். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் ஒரு தட்டு வெள்ளரி, காரட், வெங்காயம், எலுமிச்சை. வீட்டுக்காரருக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்தே நறுக்குங்கள், உங்களுக்கு மட்டும் தனிப் பத்தியம் என்ற எண்ணம் வராது. ஒரு நோட்டில் தேதி போட்டு, சாப்பிட்டதையும் சர்க்கரை அளவையும் எழுதி வாருங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்து அவர் சொல்லட்டும்.