பெரட்டுக்களத்துச் செங்கல்

திருப்பணி எந்த அளவுல இருக்குன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வரவு செலவு விவரம் ஆலய நோட்டீஸ் போர்டில் இருக்கு. இன்னிக்கு நாங்க எழுத வந்தது செங்கலைப் பற்றி.

எங்க பழைய எஸ்டேட்டில் பிறந்து இப்ப ஈப்போ டவுன்ல இருக்கிறவங்களுக்கு அந்தக் களம் ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் ஆபிஸ், எதிரே ஸ்டோர், பக்கத்தில் பால் நிறுக்கும் கொட்டகை. தீப்பிடிக்கும் பயத்தால் ஸ்மோக் ஹவுஸ் மட்டும் கொஞ்சம் தள்ளி. நடுவில் வெறும் மண் தரை. விடியும் முன்னே அங்கேதான் பெரட்டு. கிராணி பேர் கூப்பிட, நம்ம அப்பா அம்மா வரிசையில் நின்னு ‘இருக்கேன்’னு சொன்ன இடம்.

இங்கிலாந்தின் பழைய பண்ணைகளும் இதே அமைப்புதான். செங்கல்லால் கட்டிய தானியக் களஞ்சியம், தொழுவம், வண்டிக் கொட்டகை எல்லாம் ஒரு முற்றத்தைச் சுற்றி நிற்கும். குளிர்காலத்தில் மாடுகளை அந்த முற்றத்தில் அடைத்து வைக்கோல் போடுவார்கள். அவை மிதித்து மிதித்து உரமாகும். நிற்கிற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்க்கலாம் என்பது முதலாளிக்கு வசதி. இங்கே வந்த துரைமார்களுக்கும் அந்த வசதி தேவைப்பட்டது. ஒரே வித்தியாசம், அங்கே முற்றத்தில் மாடு நின்றது, இங்கே நாம் நின்றோம்.

ஸ்மோக் ஹவுஸ் சும்மா கட்டின கட்டடம் இல்லை. பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, மெஷினில் உருட்டி, ஷீட்டுகளைக் கழியில் தொங்க விடுவார்கள். கீழே அடுப்பு. விறகை வெளியிலிருந்தே தள்ளலாம். உள்ளே ஏறக்குறைய 50 முதல் 60 டிகிரி சூடு, பல நாள் தொடர்ந்து. பூஞ்சணம் பிடிக்காமல் ஷீட்டைக் காப்பது அந்தப் புகைதான். சூட்டைத் தாங்கி வைத்திருக்கத் தடித்த செங்கல் சுவர், ஈரம் வெளியேறக் கூரையில் திறப்பு.

இப்போது நிலம் கை மாறிவிட்டது. ஆலயம் இருக்கலாம், ஸ்மோக் ஹவுஸ் இந்த மாதக் கடைசிக்குள் இடிக்கப்படும் என்று தகவல் வந்தது. கமிட்டியில் நாங்க பெரிசா கவலைப்படலை, உண்மையைச் சொல்லணும். ‘பாம்பு அடையும் இடம், போகட்டும்’னு ஒருத்தர் சொன்னார். தலையாட்டினோம்.

அதே கூட்டத்தில்தான் பிரகாரச் சுவர் பேச்சும் வந்தது. போன திருப்பணியில் பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசினோம். பளபளன்னு இருந்தது. சில வருஷத்தில் பூச்சு உப்பிக் கழன்றது, உள்ளே செங்கல் பொடியாக உதிர்ந்தது. பிறகுதான் விசாரித்தோம். பழைய செங்கல் மிருதுவானது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியா வெளியே போயிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். தப்பு எங்களுடையது, மேஸ்திரியைக் குறை சொல்ல முடியாது.

பத்து காஜா பக்கம் கெல்லீஸ் காசல் போனவங்களுக்கு நாங்க சொல்வது புரியும். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915-ல் தொடங்கிய மாளிகை. 1926-ல் லிஸ்பனில் அவர் இறக்க, வேலை பாதியில் நின்றது. பூச்சு இல்லாத இடங்களில் செங்கல் அப்படியே தெரியும். அடுக்கின கைகள் தமிழ்க் கைகள். கொள்ளைக் காய்ச்சல் வந்து தொழிலாளர்கள் செத்தபோது, மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், அவரும் உதவினார். அருகிலுள்ள அந்தக் கோயில் மேலே தெய்வங்களோடு வெள்ளைக்காரர் உருவமும் இன்னமும் நிற்கிறது. மாளிகை முடியவில்லை. கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது.

எங்க பிரகாரச் சுவரை எப்படிச் சரிசெய்வது? அந்த மாதிரிச் செங்கல் கடையில் கிடைக்காது. அப்போதுதான் ஸ்மோக் ஹவுஸில் வேலை செய்த பெரியம்மா ஒருவர், ‘அங்கேதான் இருக்கே, அதே கல்லு’ என்றார். போய்ப் பார்த்தோம். அளவு ஒன்று, நிறம் ஒன்று. சுண்ணாம்புக் கலவை என்பதால் சுத்தியலால் லேசாகத் தட்டினாலே கல் முழுசா கழன்று வந்தது. சிமெண்ட் வைத்துக் கட்டியிருந்தால் உடைந்திருக்கும்.

நிலக்காரரிடம் கேட்டோம், எடுத்துக்கச் சொல்லிட்டார். ஒரு பக்கம் கரியேறிய கல் கோயிலுக்கு ஆகுமா என்று சிலர் தயங்கினார்கள். பெரியம்மா சொன்னது: ‘அந்தப் புகையிலதான் உங்களை எல்லாம் படிக்க வெச்சோம்.’ அதுக்கு மேல யாரும் பேசலை. பிரகாரச் சுவருக்கு மட்டும், கரிப்பக்கம் உள்ளே திரும்பும்படி வைப்பதாக முடிவு.

வருகிற ஞாயிறு காலை 7 மணிக்கு கோத்தோங் ரோயோங். சுத்தியல், கையுறை, தண்ணி கொண்டு வாங்க. பிள்ளைகளையும் கூட்டி வாங்க. இடிக்கும் முன்னே அந்தக் களத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கலாம். இந்த முறை நம்மை யாரும் எண்ண மாட்டாங்க.

தாயே துணை.