கோழி அடைகாத்த ஹெரால்டு

பெரியப்பாவின் கார் மாட்டுக் கொட்டகையில் நின்று இருபத்தாறு வருஷம் ஆகிறது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, உப்புக் காற்று எட்டுகிற ஊர். 1964இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டே கதவு. அவர் இருந்தவரை அதை விற்கலாம் என்று யாரும் வாய் திறந்ததில்லை. அவர் போன பிறகு அப்படி ஒன்று நிற்பதே எல்லோருக்கும் மறந்துபோனது. எனக்குத்தான் ஓய்வு பெற்ற கையோடு ஆசை வந்தது, இதைச் சரிசெய்து ஓட்டினால் என்ன என்று.

என் கண்ணுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான் இருந்தது. தூசியைத் துடைத்தால் இளநீலம் எட்டிப் பார்த்தது. நாலு டயர், ஒரு பேட்டரி, எஞ்சினைப் பிரித்துக் கோத்தால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டேன். கும்பகோணத்தில் பட்டறை நடத்தி, இப்போது மகனிடம் விட்டுவிட்ட பாய் ஒருவரை வாடகைக் கார் பேசி அழைத்துப் போனேன்.

அவர் எஞ்சின் பக்கமே போகவில்லை. கதவருகில் நின்று, கதவுக்கும் பின்தகட்டுக்கும் நடுவே இருந்த சந்தில் விரலை விட்டுப் பார்த்தார். மேலே சுண்டுவிரல் தாராளமாகப் போனது. கீழே நகம்கூட நுழையவில்லை.

"பின்பக்கம் தொங்கிருச்சு தம்பி" என்றார்.

ஹெரால்டு அப்படிப்பட்ட வண்டி. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாக 1959இல் வந்து, 1961 முதல் மதராஸில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்தது. வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. அதே காலத்து அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் உடம்பே எலும்புக்கூடு. இதற்கு மட்டும் அடியில் தனிச் சேஸிஸ், மேலே துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டிய உடம்பு. முழு உடம்பையும் ஒரே இடத்தில் அடித்துத் தர இங்கிலாந்தில் ஆள் கிடைக்காததால் வந்த ஏற்பாடு அது. கழற்றி மாட்ட வசதி. ஆனால் சேஸிஸ் அசைந்தால் கதவுச் சந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பாய் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். பழைய திருப்புளி ஒன்றால் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைக் குத்தினார். நமத்துப்போன முறுக்கில் இறங்குவது போல இறங்கியது. பிறகு கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை வைத்துத் தடவினார். கதவடித் தகட்டில் அது ஒட்டவே இல்லை. அங்கே இரும்பே கிடையாது, பழைய பட்டியும் பெயிண்ட்டும்தான். உப்புக் காற்று மேலே தின்றதைவிட, மாட்டு மூத்திரம் கீழே தின்றது அதிகம் என்றார். காரை வெயிலில் விடாமல் கொட்டகையில் வைத்துக் காப்பாற்றியதாக பெரியம்மா ரொம்ப நாளாகப் பெருமைப்பட்டு வந்திருக்கிறார். நான் அதைச் சொல்லவில்லை.

கடைசியாகத்தான் பானெட்டைத் திறந்தார். மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் முன்பக்கமே முதலை வாய் மாதிரி முன்னால் சாயும். உள்ளே 948 சிசி எஞ்சின், இறுகிப்போய் நின்றது. எனக்குப் பகீரென்றது. அவருக்கு அது பொருட்டாகவே இல்லை. பிளக் ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டால் சுற்றும். சுற்றாவிட்டால் பிரித்து போரிங் போட்டுக்கொள்ளலாம். "எஞ்சின் ஜாம் ஆறதெல்லாம் ஒரு சீக்கா தம்பி?"

அப்புறம்தான் என்னென்ன இல்லை என்று பார்க்க ஆரம்பித்தார். இடது விளக்கு வளையம் இல்லை. பின் விளக்குக் கண்ணாடி ஒன்று இல்லை. முன் கண்ணாடியைச் சுற்றி ஓடும் பீடிங் பாதி இல்லை. கண்ணாடி இறக்கும் கைப்பிடி ஒன்றும் இல்லை.

"உடைஞ்சு கிடந்தா சந்தோஷப்படணும். மாதிரி கையில இருக்கும், லேத்துல குடுத்தா செஞ்சிடுவான். இல்லாத சாமானுக்குத்தான் ஊர் ஊரா அலையணும்."

நான் நேர்மாறாக நினைத்து வந்தவன். இல்லாததை வாங்கிக்கொள்ளலாம், பழுதானதுதான் பெரிய வேலை என்று. புதுப்பேட்டையில் நாலு நாள் கடை கடையாக ஏறி இறங்கிய பிறகு அவர் சொன்னது விளங்கியது. அம்பாசடர் வளையத்தை நீட்டினார்கள், ஃபியட் கைப்பிடியை நீட்டினார்கள். சீமையில் இன்னும் பாகம் கிடைக்கிறது என்றார்கள். கப்பல் கூலியும் சுங்கமும் சேர்த்தால் அந்த வளையம் கொலுசு விலைக்கு வந்தது.

காகிதம் இன்னொரு தலைவலி. ஆர்.சி. புத்தகம் பெரியப்பா பெயரில். வாரிசு ஐந்து பேர், அதில் ஒருவர் மலேசியாவில். 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். புதிதாகப் பதிய இருபதாயிரம் ரூபாய். அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம், தினப்படிக்கு ஓட்டக் கூடாது. நானோ வேளாங்கண்ணிக்குக் கடற்கரை ஓரமாகப் போய் வருவதாகக் கனவு கண்டவன்.

கல்யாணப் பத்திரிகைக் கவரின் முதுகில் செலவைக் கூட்டினேன். பத்து லட்சத்தைத் தொட்டதும் பேனாவை மூடிவிட்டேன்.

"ஓடுற ஹெரால்டு ஒண்ணைத் தேடி வாங்குங்க, இதுல பாதிகூட ஆகாது" என்றார் பாய்.

"பெரியப்பா ஓட்டின வண்டி இதுதானே பாய்?"

காபி கொண்டுவந்த பெரியம்மா சிரித்துவிட்டார். "அவரு எங்கப்பா ஓட்டினாரு? டிரைவர் வச்சிருந்தோம். இவரு பக்கத்துல உக்காந்துக்கிட்டு, அவன் கையைத் தள்ளிவிட்டு ஹாரன் மட்டும் அடிப்பாரு."

ஐம்பது வருஷமாக என் மனதில் ஸ்டீயரிங் பிடித்திருந்தவர் சட்டென்று இடப்பக்கம் மாறி உட்கார்ந்தார். ஒரு மாதிரி ஆறுதலாகவும் இருந்தது.

கோயம்புத்தூரில் ஒருவர் இதே மாடலை ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு பானெட்டும் கியர்பாக்ஸும் தேவை. தார்ப்பாய் மூடியிருந்ததால் எங்கள் பானெட்டில் துருவே இல்லை. பணத்தைப் பற்றி இரண்டு பேருமே அதிகம் பேசவில்லை. மலேசியா அண்ணன்கூட வாட்ஸப்பில் சரி என்று அனுப்பிவிட்டார். லாரி பேசியாயிற்று.

பெரியம்மாதான் குறுக்கே நின்றார். பின் சீட்டில், கிழிந்த ரெக்சினுக்குள் வைக்கோலைச் சேர்த்து, கோழி ஒன்று அடையில் இருந்தது. "ஒம்பது முட்டை வச்சிருக்கேன். இருபத்தொரு நாள் கழிச்சு வரச் சொல்லு."

கோயம்புத்தூர்க்காரரிடம் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இன்னைக்கு எத்தனாவது நாளுங்க?"