அப்பாவுக்கு ஒரு பரிசல்

நெரிஞ்சிப்பேட்டைப் பரிசல் துறையில் 1985ஆம் வருடக் கோடையில் என் அப்பாவை இறக்கிவிட்டார்கள். பரிசலில் ஏற்கனவே ஏழெட்டுப் பேர், இரண்டு வாழைத்தார், ஒரு சைக்கிள். அப்பா விளிம்போரம் காலை வைத்ததும் பரிசல் அந்தப் பக்கமாகச் சாய்ந்து, உள்ளே இருந்த பெண்கள் கூவினார்கள். "ஏனுங்கண்ணா, நீங்க அடுத்த நடைக்கு வந்துருங்க. உங்க ஒருத்தரு பாரமே ரெண்டாளுக்கு ஆகுமுங்க" என்றார் பரிசல்காரர். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். சிரித்தவர்கள் மற்றவர்கள். பன்னிரண்டு வயதில் நானும் சிரித்தேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையேறினார். அதற்குப் பிறகு பூலாம்பட்டியில் அத்தை வீட்டு விசேஷம் எதுவானாலும் பவானி சுற்றிப் பேருந்தில்தான் போனார். எதிரே தெரிகிற ஊருக்கு அரை நாள் பயணம்.

இப்போது அப்பாவுக்கு 77 வயது, 98 கிலோ. எனக்கு 52, 112 கிலோ. அன்று சிரித்ததற்கான வட்டி என்று வைத்துக்கொள்ளலாம். அப்பா வாழ்நாளெல்லாம் கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டவர். போன ஆடியில், முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "நடு ஆத்துல ஒருக்கா தூண்டி போட்டுப் பாக்கோணும்" என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்கிறவர் அல்ல. அன்றிரவே படகு தேட ஆரம்பித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது காற்றடைக்கும் ரப்பர் படகு. அட்டையில் 3 பேர், 240 கிலோ என்று போட்டிருந்தது. அதாவது ஆளுக்கு 80 கிலோ. எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் 6 பேர், 408 கிலோ என்று எழுதியிருக்கும், ஆளுக்கு 68. இந்தக் கணக்கில் வருகிற மனிதனை நான் நெடுநாளாக அறிவேன். அவன்தான் சினிமா நாற்காலியிலும் பேருந்து இருக்கையிலும் எனக்கு முன்பே உட்கார்ந்திருப்பவன். வேடிக்கை ஒரு புறம் இருக்கட்டும், இந்தச் சராசரி மனிதன் ஆட்களைக் கொன்றிருக்கிறான். 2005 அக்டோபர் 2ஆம் தேதி நியூயார்க் மாநிலத்து ஜார்ஜ் ஏரியில் 'ஈதன் ஆலன்' என்ற உல்லாசப் படகு கவிழ்ந்தது. பயணிகள் 47 பேர், பெரும்பாலும் முதியவர்கள். 20 பேர் இறந்தார்கள். அனுமதிக் கணக்கில் ஆளுக்கு 140 பவுண்டு என்று வைத்திருந்தார்கள். உண்மையில் பயணிகளின் சராசரி அதைவிட 40 பவுண்டு அளவுக்குக் கூடுதலாக இருந்தது. 2011இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை பயணிகள் படகுகளுக்கான சராசரி எடையை 185 பவுண்டாக, நம் கணக்கில் 84 கிலோவாக உயர்த்தியது.

ஆனால் எடை கூடிப்போவது மட்டுமே படகைக் கவிழ்ப்பதில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்தபோது, கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டார்கள் என்றுதான் செய்தி வந்தது. அட்டையில் எழுதும் கிலோ, படகு மூழ்காமல் இருப்பதைப் பற்றியது. கவிழாமல் இருப்பது வேறு சங்கதி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பரிசல்காரர் தேவைப்பட்டார்.

ஃபைபர் படகை விலை கேட்டதோடு விட்டுவிட்டேன். அதைக் கோவையிலிருந்து இழுத்துச் செல்லத் தனி வண்டி வேண்டும். எஞ்சியது பரிசல். ஆற்றங்கரையில் பரிசல் கட்டுகிற ஒருவரிடம் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் பின்னலின் மேல் தோலைப் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் படுதாவைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். எங்கள் எடையை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. அப்பாவின் காலைப் பார்த்தார்.

"ஏனுங்க பெரியவரே, கீழ சம்மணம் போட்டு உக்கார முடியுங்களா?"

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டுக்கறேன்" என்றார்.

"சேரு போட்டா பரிசலு நிக்காதுங்க. பாரம் கீழ கெடக்கோணும். ஆளு குண்டா இருந்தா ஆறு ஒண்ணும் பண்ணாதுங்க, ஒசரமா இருந்தாத்தான் தள்ளிரும்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நீரைத் தொடுகிற அடிப்பாகம் ஐந்தடி விட்டம் என்றால், 18 கிலோ ஏற்றினால் பரிசல் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். நாங்கள் இருவர், துடுப்புப் போடுகிறவர், பரிசலின் சொந்த எடை எல்லாம் சேர்ந்து 300 கிலோ, 17 சென்டிமீட்டர். ஏழடி விட்டம் என்றால், பரிசல் கனமானாலும், ஒன்பதுதான். இரண்டிலுமே மூழ்க மாட்டோம். ஆனால் சாய்வைத் தாங்கும் வலு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. ஐந்தடி ஏழடியானால் வலு ஏறக்குறைய நான்கு மடங்கு. பள்ளியில் ஆர்க்கிமிடீஸை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், இதை யாரும் சொல்லவில்லை. 1985இல் அப்பாவை இறக்கிவிட்ட பரிசல்காரருக்கு இது தெரிந்திருந்தது. அவர் எடையைப் பார்த்து அஞ்சவில்லை, விளிம்பில் வைத்த காலைப் பார்த்துத்தான் அஞ்சினார். நாற்பது வருடம் கழித்து இதை அப்பாவிடம் சொன்னேன். "அப்ப சொல்லிருக்கலாமில்ல" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

வாய் அகலம் எட்டடி வைத்துப் பரிசல் கட்டச் சொன்னோம். உட்கார ஒரு சாண் உயரத்தில் பலகை. அதற்கு மேல் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உயிர்காப்பு அங்கி வாங்குகிற இடத்தில் மறுபடியும் ஒரு பாடம். அதை எடை பார்த்து அல்ல, மார்புச் சுற்றளவு பார்த்து வாங்க வேண்டும். கொழுப்பு நீரைவிட லேசானது என்பதால் எங்களைப் போன்றவர்கள் மிதப்பதற்குப் பெரிய உதவி தேவையில்லையாம். என் உடம்பைப் பற்றிக் கேட்ட ஒரே நல்ல வார்த்தை.

மேட்டூருக்குக் கீழே மின்சாரத்துக்காகக் கட்டிய கதவணைகளில் ஒன்று நெரிஞ்சிப்பேட்டையில் இருப்பதால், அங்கே காவிரி ஏரி போலத் தேங்கி நிற்கிறது. தை மாதக் கடைசியில், மீன் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்கினோம். பரிசல்காரர் விளிம்பைக் கரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். "நடுவுல காலு வைங்க, நடுவுல." அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடுவில் கால் வைத்து, பலகையில் மெல்ல அமர்ந்தார். வலியில் முகம் சுளித்தது. பரிசல் அசையவில்லை. பிறகு நான் ஏறினேன்.

ஆற்றின் நடுவுக்கு வந்ததும், "எவ்வளவு எறங்கிருக்குது?" என்றார் அப்பா.

கையை வெளியே விட்டு அளந்து, "அஞ்சு விரலுங்கப்பா" என்றேன்.

"நீ ஏறுனதுக்கு முன்னயா, பொறகா?"

பரிசல்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பத்தரை மணிக்குள் இரண்டு ஜிலேபியும் ஒரு கெளுத்தியும் கிடைத்தன. கெளுத்தி அப்பா தூண்டிலில் விழுந்தது. அதைக் கழற்றிக்கொண்டே அக்கரையைப் பார்த்தவர், பூலாம்பட்டித் துறையில் கூட்டம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. "அப்ப அங்கியே எறக்கி வுடச் சொல்லு" என்றார்.