நாடாளுமன்றத்துக்கு நாள் குறித்த நீதிமன்றம்

டர்பன், தென்னாப்பிரிக்கா



தன்பாலினத் திருமணத்துக்குச் சட்டம் செய்வது நாடாளுமன்றத்தின் வேலை என்று 2023 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கேயும் நீதிமன்றம் அந்த வேலையை நாடாளுமன்றத்திடம்தான் விட்டது. ஆனால் கெடு வைத்து விட்டது.

மரியே ஃபூரி, செசிலியா பொன்தைஸ் என்ற இரு பெண்கள் பத்தாண்டுக்கு மேலாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் உறுதிமொழியில் மனைவி, கணவர் என்ற இரண்டு சொற்களே இருந்தன. இரு பெண்கள் மணந்துகொள்ள அதில் வழியில்லை. 1996 அரசமைப்பின் 9ஆம் பிரிவோ இனம், பால், மதம் என்ற வரிசையில் பாலீர்ப்பையும் வெளிப்படையாகச் சேர்த்து, அதன் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு இருவரும் வழக்காடினார்கள்.

தீர்ப்பை எழுதியவர் அல்பி சாக்ஸ். நிறவெறி அரசின் ஆட்கள் 1988இல் மபூட்டோவில் வைத்த குண்டில் வலக்கையை இழந்தவர். பிள்ளை பெறத்தான் திருமணம் என்ற வாதத்துக்கு, அப்படியானால் பிள்ளையில்லாத தம்பதியரும் முதிய வயதில் மணப்பவர்களும் தம்பதியர் இல்லையா என்று கேட்டார். இத்தகைய திருமணத்தை நடத்திவைக்க எந்த மதகுருவையும் யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் ஒரு மதத்தின் நம்பிக்கை எல்லோருக்குமான சட்டமாகிவிடாது என்றார். தனியாக வேறொரு ஏற்பாடு போதுமே என்பதையும் அவர் ஏற்கவில்லை. கடற்கரையைக்கூட நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த நாட்டில், 'தனி, ஆனால் சமம்' என்பதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தம் திருமணத்தைச் சட்டம் ஏற்காத அவமானம் இங்குள்ள தமிழருக்கும் தெரியும். கிறித்தவ முறைப்படி நடக்காத, பதிவும் ஆகாத திருமணங்கள் செல்லாது என்று 1913இல் கேப் நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்தார். தாலி கட்டிய மனைவி சட்டத்தின் கண்ணில் மனைவியல்ல என்றானதும், நம் பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கிச் சிறை சென்றார்கள்.

சாக்ஸ் எழுதி 2005 டிசம்பர் 1 அன்று வந்த தீர்ப்பு நாடாளுமன்றத்துக்கு 12 மாதம் கொடுத்தது. அதற்குள் சட்டம் திருந்தாவிட்டால், 'அல்லது வாழ்க்கைத் துணை' என்ற சொற்கள் உறுதிமொழியில் தாமாகவே சேர்ந்துவிடும். அந்த அவகாசமும் எதற்கு, இன்றே சேர்த்துவிடலாம் என்றார் நீதிபதி கேட் ஓ'ரீகன். கெடு முடிய ஒரு நாள் இருக்கையில், 2006 நவம்பர் 30 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. மனசாட்சியைக் காட்டி அரசுப் பதிவாளர்கள் மறுக்கலாம் என்று அதில் விட்டிருந்த ஓட்டையும் 2020இல் அடைபட்டது.

பெரும்பான்மையின் மனம் கனியும்வரை காத்திரு என்றால் அது சலுகை, உரிமையல்ல. பாகுபாடு நடக்கிறது என்று கண்ட நீதிமன்றம், அது முடிய வேண்டிய நாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டர்பன் மடலாளர்