ஓடினால் குளிரும், நின்றால் நிற்கும்

"ஓடுறப்போ ஜில்லுனு இருக்குண்ணே. டீக்கடையில நிறுத்துனா கொஞ்ச நேரத்துல ஆஃப் ஆயிடுது." மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலையையொட்டிய பட்டறையில் டெம்போ டிராவலர் டிரைவர் சொன்ன புகார் இது. சுற்றுலா வண்டி. கடைசி சீட்டுக்குப் பின்னால் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் ஒன்று. ஏற்கெனவே ஓர் ஃப்ரிட்ஜ் கடையில் காட்டி, "கேஸ் போயிருக்கும்" என்று கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருந்தார்.

எந்த ஃப்ரிட்ஜுக்கும் முதலில் வாயில் வருவது கேஸ்தான். மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் பெட்ரோல்போலத் தீர்ந்துபோகாது. கசிவு இருந்தால்தான் குறையும். கேஸ் குறைந்த பெட்டி, வண்டி ஓடும்போது மட்டும் குளிருமா? ஆனால் அந்தக் கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் கை பழகியது 230 வோல்ட். ஆட்டோ எலக்ட்ரீசியனுக்கோ செல்ஃப், டைனமோ, ஹாரன். வண்டி ஃப்ரிட்ஜ் இரண்டு தொழிலுக்கும் நடுவில் கிடக்கிறது.

இந்தப் பட்டறைக்காரர் ஃப்ரிட்ஜைத் தொடவே இல்லை. பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்தார்: 12.4. "இதப் பாத்து ஏமாறக் கூடாது சார். ஒரே ஒரு இழை ஒட்டிக்கிட்டு இருந்தாக்கூட மீட்டர் இப்படித்தான் காட்டும்." பிறகு பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை அதே முனைகளில் மாட்டினார். 55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் வரை இழுக்கும். ஃப்ரிட்ஜ் மோட்டார் இழுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பல்பு மங்கலாக எரிந்தது. மீட்டர் 10.3க்கு இறங்கியது.

விஷயம் அங்கேயே வெளிச்சமாகிவிட்டது. அது டான்ஃபாஸ் வகை கம்ப்ரசர். இப்போது செகாப் என்ற பெயரில் வருகிறது. 12 வோல்ட் பேட்டரியில் 10.4க்குக் கீழே போனால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாரை நிறுத்திவிடும், 11.7க்கு ஏறினால்தான் மறுபடி விடும். காலையில் செல்ஃப் எடுக்க பேட்டரியில் உயிர் இருக்க வேண்டுமே, அதற்காக. இன்ஜின் ஓடும்போது டைனமோ சுமார் 14 வோல்ட் கொடுப்பதால் வழியில் இரண்டு வோல்ட் தொலைந்தாலும் தாங்கிக்கொள்கிறது.

எங்கே தொலைகிறது? பாடி கட்டியவர்கள் முன்பக்க பேட்டரியிலிருந்து ஆறு மீட்டருக்கு ஒன்றரை எம்எம் வயரை இழுத்திருந்தார்கள். போக வர 12 மீட்டர், அதிலேயே 0.6 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். மீதி, எர்த் போல்ட்டிலும் ஃபியூஸ் ஹோல்டரிலும். மீட்டரின் ஒரு முனையை போல்ட்டிலும் மறுமுனையைச் சேசிஸிலும் வைத்துக் காட்டினார்: 0.9. கழற்றினால் அடியில் பெயின்ட், துரு. லக் முழுக்கப் பச்சைக் களிம்பு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மூழ்கிய வண்டிகளில் இந்தக் களிம்பை ஏராளமாகப் பார்த்தவராம்.

உதவியாளர் தம்பி எமரித் தாள் போட்டு இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்தார். ஆறு எம்எம் வயர் இரண்டு, பேட்டரியிலிருந்தே நேராக. எர்த்துக்கும் தனி வயர். 15 ஆம்பியர் ஃபியூஸைப் பேட்டரி ஓரமாக வைத்தபோது, ஃப்ரிட்ஜ் பக்கம் வைத்தால் மாற்றச் சுலபமாயிற்றே என்றார் டிரைவர். "நடுவுல வயர் உரசி ஷார்ட் ஆனா என்ன பண்ணுவ? வண்டியே எரியும்."

மறுபடி பல்பு: 12.1. இன்ஜினை அணைத்துவிட்டு ஃப்ரிட்ஜைப் போட்டார்கள்; நிற்காமல் ஓடியது. கூலியை மறுபேச்சில்லாமல் கொடுத்த டிரைவர், செம்பு வயர் விலைக்கு மட்டும் பேரம் பேசிக்கொண்டே இருந்தார்.